ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் பொறியியல்: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

பொறியியல் படிக்க இடம் தேடுகிறவர் கையில் கடைசியில் மூன்று பெயர்கள் மிஞ்சும். முதலாவது, ஆராய்ச்சிக்குப் பேர்போன, உலகத் தரவரிசையில் இடம்பிடித்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இரண்டாவது, வெளியே அவ்வளவாகப் பெயர் தெரியாத, ஆனால் அங்கே படித்தவர்கள் எல்லோரும் 'நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள்' என்று சொல்லும் கல்லூரி. மூன்றாவது, படிப்புக்கு நடுவிலேயே மாதக்கணக்கில் நிறுவனங்களுக்கு வேலைக்கு அனுப்பிவிடும் இடம். முதலாவதில் இடம் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டையும் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது முதல் வகையில். அங்கே படித்ததற்காக வருத்தமில்லை. ஆனால் முதல் மூன்று செமஸ்டர்களில் அந்த இடத்தின் உண்மையான பலன் எதையும் தொடாமலேயே வெளியே வந்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்றே தெரியாதது காரணம்.

பாடத்திட்டத்தை வைத்து ஒப்பிடாதீர்கள்

பலர் செய்யும் முதல் வேலை, இரண்டு இடங்களின் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு வருடம் எங்கே போனாலும் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், விசையியல், வெப்ப இயக்கவியல், மின்சுற்றுகள், கொஞ்சம் நிரலாக்கம். ஃபூரியே தொடர் எங்கே படித்தாலும் ஃபூரியே தொடர்தான். அதை யார் சொல்லித் தருகிறார், எத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கிறோம், புரியாவிட்டால் யாரிடம் போய் நிற்கலாம் என்பவைதான் இடத்துக்கு இடம் மாறும். அவை பாடத்திட்டத்தில் அச்சாவதில்லை.

பொறியியல் படிப்பில் இவ்வளவு சமன்பாடு ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1794இல் பாரிஸில் தொடங்கிய எகோல் பாலிடெக்னிக், பொறியாளருக்கு முதலில் கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்ற வழியைப் போட்டுக் கொடுத்தது. 1810இல் பெர்லின் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய ஹம்போல்ட், கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்றார். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர ரொம்ப நாள் ஆனது. ஜெர்மனியில் தொழில்நுட்பக் கல்லூரிகளைப் பழைய பல்கலைக்கழகங்கள் ஒரு படி கீழாகவே பார்த்தன. முனைவர் பட்டம் தரும் உரிமை பிரஷ்யாவின் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு 1899இல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் 1955இல் வந்த கிரிண்டர் குழு அறிக்கை, பொறியியல் படிப்பை அடிப்படை அறிவியலின் பக்கம் தள்ளிவிட்டது. வரைபடப் பலகையும் பட்டறையும் சுருங்கின, சமன்பாடுகள் பெருகின. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் அந்தத் திசையில் கடைசி வரை போன இடம். அங்கே பேராசிரியரின் பதவி உயர்வு அவர் வெளியிடும் கட்டுரைகளையும், கொண்டுவரும் ஆராய்ச்சி நிதியையும் பெரிதும் பொறுத்தது. உங்கள் வகுப்பு அவருடைய வேலையில் ஒரு பகுதி. சில பேருக்கு அது சின்னப் பகுதி.

பெரிய ஆய்வாளர் என்றால் நல்ல ஆசிரியரா?

தன் துறையில் உலகப் புகழ் பெற்றவரிடம் நேரடியாகப் படிக்கலாம் என்ற ஆசையில்தான் பலர் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். 1996இல் ஹாட்டி, மார்ஷ் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, அதுவரை வந்திருந்த 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சித் திறனுக்கும் கற்பிக்கும் திறனுக்கும் இருந்த ஒட்டுறவு 0.06 (இரண்டும் முழுக்கச் சேர்ந்தே போனால் அது 1). ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அதாவது சிறந்த ஆய்வாளர் சிறந்த ஆசிரியராக இருக்கலாம், படு மோசமான ஆசிரியராகவும் இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்க முடியாது. ஆராய்ச்சி செய்பவர்கள் கற்பிக்க லாயக்கில்லை என்று பேசுகிறவர்களுக்கும் இதே எண்தான் பதில்.

நேரக் கணக்கு மட்டும் தெளிவாகவே வேறுபடுகிறது. ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், பல்கலைக்கழகப் பேராசிரியர் வாரத்துக்குச் சுமார் 8, 9 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். ஃபாக்ஹோக்‌ஷூலே எனப்படும் பயன்முறை அறிவியல் கல்லூரியில் அது சுமார் 18 மணி நேரம். பின்னவர் உங்களோடு செலவிடும் நேரம் இரட்டிப்பு. தவிர, அவர் அந்தப் பதவிக்கு வரவே குறைந்தது ஐந்து வருட வேலை அனுபவம், அதில் மூன்று வருடமாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே, இருந்தாக வேண்டும். பாலம் கட்டியவர் பாலத்தைப் பற்றிப் பேசுவதற்கும், பாலத்தின் அதிர்வைக் கணினியில் மாதிரியாக்கியவர் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எது மேல் என்று நான் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் முன்னவரின் பேச்சு சீக்கிரம் பிடிபடும், அவ்வளவுதான்.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் இன்னொன்றும் நடக்கும். விரிவுரை ஒருவர், சிறு குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கும் டுடோரியல் வகுப்பு வேறொருவர். டுடோரியல் எடுப்பது பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் அதிகம். என் அனுபவம் நேர்மாறு. மூன்று நான்கு வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் முட்டிக்கொண்டவருக்கு, நீங்கள் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று சட்டென்று தெரியும். ஆனால் அவர்களிலும் ஒரு ரகம் உண்டு. அடுத்த வாரம் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய பதற்றத்தில் வந்து, விடைத்தாளைப் பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கு யார் வாய்ப்பார் என்பது அதிர்ஷ்டம்.

வடிகட்டுதலையும் சொல்ல வேண்டும். சூரிச்சில் உள்ள ஈ.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுவிஸ் பள்ளி இறுதிச் சான்று உள்ள எவரையும் நுழைவுத் தேர்வில்லாமல் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே போன பிறகு, முதல் வருடப் பாடங்களுக்கான அடிப்படைத் தேர்வு என்று ஒன்று காத்திருக்கும். தவறினால் ஒரு முறைதான் மறுபடி எழுதலாம். வாசலிலேயே நிறுத்துவதா, உள்ளே விட்டுச் சலிப்பதா என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. கைப்பிடித்துக் கூட்டிப் போவார்கள் என்று மட்டும் இப்படிப்பட்ட இடத்தில் எதிர்பார்க்க வேண்டாம். தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு முதல் வருடம் பெரிய அடி.

பலன் இருப்பது ஆய்வகத்தில்

சரி, வகுப்பறையில் பெரிய லாபம் இல்லை என்றால் அங்கே எதற்குப் போக வேண்டும்? ஆய்வகத்துக்காக. வேறு எதற்காகவும் போகிறீர்கள் என்றால் இன்னொரு முறை யோசிக்கலாம்.

எம்.ஐ.டி.யில் 1969இல் மார்கரெட் மெக்விகார் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இளநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆராய்ச்சிக் குழுக்களில் நேரடியாகச் சேர்ந்து வேலை செய்யலாம், அதற்கு மதிப்பெண்ணோ ஊதியமோ பெறலாம் என்பது அதன் சாரம். இன்று உலகில் பல இடங்களில் இதே மாதிரித் திட்டங்கள் உண்டு. திட்டம் இல்லாத இடங்களில் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.

நான் இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு காற்றுச் சுரங்க ஆய்வகத்தில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், அழுத்த உணரிகளை அளவுதிருத்தம் செய்வதுதான் வேலை. மூன்று வாரம் ரீடிங் எடுத்தேன். ஒவ்வொரு நாளும் எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தன. உணரியை மாற்றினேன், நிரலை மாற்றினேன், அறையின் வெப்பநிலையைக் குறித்து வைத்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு மெல்லிய குழாயின் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத கசிவு. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது, மூன்று வாரம் போச்சே என்று. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த ஆய்வு மாணவர் சிரித்துவிட்டு, எங்கெங்கே தேடினாய் என்பதை வரிசையாக எழுதி வை என்றார். அடுத்து வந்தவர்கள் என் பட்டியலைத்தான் பயன்படுத்தினார்கள்.

வகுப்புத் தேர்வில் கேட்கப்படும் எந்தக் கணக்குக்கும் விடை எங்கோ ஏற்கனவே இருக்கிறது. ஆய்வகத்தில் இல்லை. தப்பு உங்களுடையதா, கருவியுடையதா, கோட்பாடே சரியில்லையா என்பதுகூடத் தெரியாது. அந்த நிலையில் பதறாமல் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவது ஒரு பழக்கம். அது பாடமாக நடத்தி வருவதில்லை. அங்கே இருந்து, பார்த்து, கெடுத்து, சரிசெய்து வருவது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் தரும் தனிச் சரக்கு இதுதான் என்பேன்.

அப்புறம் கருவிகள். சில்லு தயாரிப்பு, நுண்பொருள்கள், உயிர்மருத்துவப் பொறியியல் போன்ற துறைகளில் கருவி இல்லாமல் படிப்பே இல்லை. ஐ.எஸ்.ஓ. 5 தரத் தூய அறை என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. அப்படி ஒரு அறையைக் கட்டி, நாள் முழுக்கக் காற்றை வடிகட்டி, ஆள் வைத்துப் பராமரிக்க ஆராய்ச்சி நிதி வரும் இடத்தால்தான் முடியும். மின்னணு நுண்ணோக்கியும் அப்படியே. ஆனால் மென்பொருளோ, கட்டடப் பணி மேலாண்மையோ படிக்கப் போகிறவருக்கு இந்தக் கருவிகள் பக்கத்துக் கட்டடத்தில் இருந்து என்ன ஆகப் போகிறது?

நுழைவது எப்படி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம்' என்று பத்துப் பேராசிரியர்களுக்கு ஒரே மடலை அனுப்பினால் பதில் வராது. ஒரு குழு சமீபத்தில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. புரிந்த பாதியிலிருந்து ஒரு கேள்வி எழுதி, பேராசிரியருக்கு முன் அங்குள்ள ஆய்வு மாணவருக்கு அனுப்புங்கள். அவருக்குத்தான் ஆள் உதவி தேவைப்படும், பேராசிரியரிடம் உங்களைப் பற்றிச் சொல்லப்போவதும் அவரே. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். இதைச் செய்யாமல் இருந்துவிட்டால், நான்கு வருடம் முடிந்து வெளியே வரும்போது கையில் இருப்பது கூட்டமான வகுப்புகளின் நினைவும் பெயர்போன ஒரு முத்திரையும்தான்.

மற்ற இரண்டு வழிகள்

வேலையோடு படிப்பு என்ற யோசனை பழையது. 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களோடு அதைத் தொடங்கினார். இன்று இதற்குப் பெயர்பெற்ற இடம் கனடாவின் வாட்டர்லூ, அது 1957இல் இந்த முறையோடுதான் பிறந்தது. அங்கே பொறியியல் மாணவர் நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறிப் போகிறார். பட்டம் முடிய ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும், அதில் வேலை அனுபவம் மட்டும் இரண்டு வருடம் வரை சேர்ந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தப்பான ஆசைகள் சீக்கிரம் கழன்றுவிடுவது. வடிவமைப்புப் பொறியாளர் ஆக வேண்டும் என்று நினைத்தவர் நான்கு மாதம் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது நமக்கு வேண்டாம் என்று இருபது வயதிலேயே தெரிந்துகொள்வார். மற்ற இடங்களில் இது தெரிய இருபத்தைந்து ஆகும். பிடிக்காத விஷயமும் உண்டு. ஒவ்வொரு வேலைக் காலத்துக்கும் முன்னால் மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்முகம். தேர்வு நேரத்தில் அதுவும் சேர்ந்து வரும். ஒரு கடினமான பாடத்தை நீண்ட காலம் ஊறவைத்துப் படிக்கும் வாய்ப்பு துண்டு துண்டாகிவிடும். நட்புகளும் அப்படித்தான், பாதிப் பேர் எப்போதும் வேறு ஊரில் இருப்பார்கள்.

கற்பித்தலை முன்வைக்கும் கல்லூரிகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, அங்கே ஆராய்ச்சியே கிடைக்காது என்று. கலிஃபோர்னியாவில் உள்ள ஹார்வி மட் கல்லூரியில் முனைவர் பட்ட மாணவர்கள் கிடையாது. அதனால் பேராசிரியருக்கு ஆய்வில் உதவ இளநிலை மாணவர்தான் வேண்டும், நடுவில் வேறு யாரும் நிற்பதில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் நீங்கள் வரிசையில் நான்காவது ஆள், இங்கே முதல் ஆள். ஆய்வின் அளவு சிறியதாக இருக்கும், உண்மை. ஆனால் முழு ஆய்வையும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்திருப்பீர்கள். அதே கல்லூரி 1963இலேயே இன்னொன்றையும் தொடங்கியது. நிறுவனங்கள் தங்களுடைய உண்மையான சிக்கலைக் கொண்டுவந்து தரும், மாணவர் குழு ஒரு கல்வியாண்டு முழுக்க அதில் வேலை செய்யும்.

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியபோதே இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே செமஸ்டரில் ஏறக்குறைய பாதி, குழுவாகச் செய்யும் ப்ராஜெக்ட். விரிவுரைகள் அந்த ப்ராஜெக்டுக்குத் துணையாக வருகின்றன. குழுவில் வேலை செய்யாமல் ஒட்டிக்கொண்டு வருபவர் அங்கேயும் இருக்கத்தானே செய்வார் என்று கேட்காதீர்கள், குழு என்றால் அது எங்கும் இருக்கும். ஆனால் எந்த முறையிலும் வகுப்பில் மாணவர் ஏதாவது செய்துகொண்டிருந்தால் பலன் தெரிகிறது. 2014இல் ஃப்ரீமனும் சகாக்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வெறும் விரிவுரை வகுப்பில் இருந்தவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு மற்றவர்களுடையதைப் போல ஒன்றரை மடங்காக இருந்தது. ஆகவே எந்த இடத்தைப் பார்த்தாலும், வகுப்பு எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்.

தரவரிசை எதை அளக்கிறது?

2003 முதல் வரும் ஷாங்காய் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலின் கணக்கைப் பாருங்கள். நோபல் பரிசோ ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற முன்னாள் மாணவர்களுக்கு 10 சதவீதம், அப்படிப்பட்ட ஆசிரியர்களுக்கு 20, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுக்கு 20, 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு 20, மொத்தக் கட்டுரை எண்ணிக்கைக்கு 20, இவற்றை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து வருவதற்கு 10. இதில் உங்கள் முதலாம் ஆண்டு கணித வகுப்பு எங்கே இருக்கிறது? பட்டியல் பொய் சொல்லவில்லை. அது ஆராய்ச்சியை அளக்கிறது, நாம்தான் அதைப் படிப்பின் தரம் என்று வாசிக்கிறோம்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பட்டத்தின் அங்கீகாரம். 1989இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்பாடு இன்று விரிவடைந்திருக்கிறது. உறுப்பு அமைப்பு ஒன்று அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு அமைப்புகள் இணையானதாக ஏற்கின்றன. கட்டுமானம் போல, உரிமம் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாத துறைகளில் இது வாழ்க்கைப் பிரச்சினை. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், நீங்கள் சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கவர்ச்சியான பெயரில் தொடங்கிய படிப்புகளில் இல்லாமலும் இருக்கலாம்.

எதை எடுப்பது?

முனைவர் பட்டம் வரை போவது என்று ஏற்கனவே மனதில் இருந்தால், யோசிக்கவே வேண்டாம், ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். முனைவர் படிப்புக்கான சேர்க்கையில் மதிப்பெண்ணோடு சேர்த்து எடைபோடப்படுவது உங்களோடு ஆய்வு செய்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதம். ஜெர்மனியின் பயன்முறைக் கல்லூரிகளுக்கு முனைவர் பட்டம் தரும் உரிமை வெகுகாலம் இருக்கவில்லை, 2016இல்தான் ஹெஸ்ஸன் மாநிலத்தில் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. கருவி இல்லாமல் நடக்காத துறை என்றாலும் இதே பதில்தான்.

சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும், படிப்புக் காலத்திலேயே கொஞ்சம் சம்பாதித்தால் நல்லது என்றால் வேலையோடு படிக்கும் வழி. பள்ளியில் நன்றாகப் படித்தவர், ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருந்ததால்தான் படித்தேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர், கற்பிக்கும் கல்லூரிக்குப் போகலாம். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஒன்றும் முடிவாகாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என் யோசனை, வரிசையை மாற்றிப் பார்ப்பது. 1999இன் போலோன்யா உடன்பாட்டுக்குப் பிறகு ஐரோப்பாவில் இளநிலையும் முதுநிலையும் தனித்தனிப் படிகளாகிவிட்டன, வேறு பல நாடுகளிலும் அப்படித்தான். அடிப்படையை நன்றாகச் சொல்லித் தரும் இடத்தில் இளநிலையை முடித்து, எந்தக் கேள்வி தன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தக் கேள்வியில் வேலை செய்யும் குழு இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு முதுநிலைக்குப் போகலாம். ஆய்வகக் கதவு முதுநிலை மாணவருக்குச் சுலபமாகவே திறக்கும். இதில் ஒரே சிக்கல், இளநிலைப் பாடங்கள் குறைவாக இருந்தால் முதுநிலையில் சேரும்போது கூடுதலாகச் சில பாடங்களை எழுதச் சொல்வார்கள். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சேர்வதற்கு முன் யாரிடமாவது பேச முடிந்தால், இரண்டாம் வருட மாணவரைப் பிடியுங்கள். இறுதியாண்டு மாணவருக்கு எல்லாம் இனிமையாகிவிட்டிருக்கும், முதலாண்டு மாணவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கணித வகுப்பு எடுத்தது யார், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தீர்கள், உங்கள் பெயர் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர், இளநிலை மாணவர் யாராவது ஆய்வகச் சாவி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். சாவிக் கேள்விக்கு வரும் பதில் நிறையச் சொல்லும்.

யாரையும் பிடிக்க முடியவில்லை என்றால், இடம் கிடைத்த துறையின் ஆராய்ச்சிக் குழுக்கள் என்னென்ன செய்கின்றன என்று ஒரு மாலை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் ஒரு குழுவின் வேலையாவது நினைவில் இருந்தால் முதல் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் மற்ற இரண்டு இடங்களுக்கும் 'வர முடியாது' என்று இன்னும் எழுதிவிடாதீர்கள்.